பட்டவன் நெஞ்சு

குங்குமம் பூசிய முகம் யாரையும் திட்டலாம். திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை நடக்கிற வாரத்தில் அது வழக்கம். உடம்பெல்லாம் குங்குமத்தை அப்பிக்கொண்டு, இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிரே வருவது பேங்க் மேனேஜரோ பெண் கொடுத்த மாமனாரோ, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். கேட்டவர் கோபப்படக்கூடாது. கும்பிட்டு, திட்டியவன் நெற்றியிலிருந்தே ஒரு சிட்டிகைக் குங்குமம் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு நகர வேண்டும். அந்த வசவு அம்மனுடையது. வாய் மட்டும்தான் நம்முடையது.

எங்கள் தெருவில் இதைப் பாட்டாகச் செய்வோம். சித்தூர்ப் பக்கத்து எல்லை ஊர்களிலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் தெருவில் பாதி. டப்பு மேளம் அடிக்கிறவர்கள் தெலுங்குக்காரர்கள், பாட்டு எங்களுடையது. முன்னால் ஒருவன் ஒரு வரி பாடுவான், பின்னால் கூட்டம் பதில் வரி பாடும். வரிகளைக் கட்டிக் கொடுப்பது பல வருஷமாக என் வேலை. பிழைப்புக்கு ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வாழ்த்து, சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி, தமிழிலும் தெலுங்கிலும். நாலு வரி கேட்டால் டீ ஆறுவதற்குள் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எந்த வசவுப் பாட்டானாலும் கடைசியில் இரண்டு வரி பாடித்தான் முடிக்க வேண்டும். ஆத்துற பாட்டு என்று அதற்குப் பெயர். அதை நான் எழுதவில்லை. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

திட்டின வாயி தீஞ்சு போவட்டும்
பட்டவன் நெஞ்சு பாலா ஆறட்டும்

இதைப் பாடி, மஞ்சள் தண்ணீரை இரண்டு பக்கமும் தெளித்தால் முடிந்தது. பாடாமல் விட்டால் வசவு அம்மனிடம் போகாது, சொன்னவனிடமே தங்கிவிடும் என்பார்கள். அந்த இரண்டு வரியை எத்தனை வருஷம் பாடியிருப்பேன். ஒருமுறைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஃபிளெக்ஸின் அடியில் போடுகிற அச்சகத்தின் பெயர் மாதிரி அது, இருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் ஜாத்திரைக்கு இரண்டு நாள் முன்பு டப்புக்காரர் கடை வாசலில் வந்து நின்றார்.

"அன்னா, ஈசாரி எவரு?" இந்தத் தடவை யார் என்று கேட்கிறார்.

"எங்க மாப்ள இருக்காரே," என்றேன். "அவர விட்டா வேற யாரு?"

மாப்ள என்றது என் தங்கையின் புருஷனை. பலமனேர் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி, மொகிலி கணவாய் இறங்கி, சித்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கொண்டுவரும் மினி லாரி டிரைவர். பன்னிரண்டு வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியவர். போன கார்த்திகையில் திடீரென்று மண்டிக்காரரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, ஊருக்குள்ளேயே தண்ணீர் கேன் போடுகிற லோடு ஆட்டோவை ஓட்ட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "வவுத்து வலி, மலை ஏறினா ஜாஸ்தியாவுது," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தெரு விடுமா? பயந்துகினு வந்துட்டாரு என்று முடிவு கட்டிவிட்டது. நான் அதற்கு மெட்டுப் போட்டேன்.

மல மேல தக்காளி பழுத்து நிக்குது
மாப்ள வண்டி தரையிலயே படுத்து நிக்குது!
வளைவு வந்தா மாப்ள இன்னா பண்ணுவாரு?
வவுத்து வலின்னு பாய விரிச்சு தூங்குவாரு!

முதல் வரியும் மூன்றாவது வரியும் எனக்கு. பதில் வரிகள் கூட்டத்துக்கு.

வேஷம் கட்டிய காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று பாடினோம். டப்பு அதிர்ந்து ஜன்னல் கம்பி நடுங்கியது. கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். சிரித்தார். கும்பிட்டார். கூட்டம் "தூங்குவாரு" என்று இழுத்தபோது மட்டும் அவர் முகம் என்னைவிட்டுத் திரும்பி, கதவோரம் நின்ற என் தங்கையைப் பார்த்தது. ஒரு விநாடிதான். பிறகு என் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்தார். மே மாத வெயில், தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. அவர் விரல் மட்டும் தண்ணீர்ப் பானையில் கிடந்தது போலச் சில்லிட்டிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்ததை அப்படியே விட்டுவிட்டு, ஆத்துற பாட்டைப் பாடி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

யாரோ இதைப் போனில் வீடியோ பிடித்திருக்கிறார்கள். ஸ்டேட்டஸில் போடுவதற்குத் தோதாக, சிரிப்பு வருகிற இடம் வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஆத்துற பாட்டு அதில் இல்லை. அந்த நாலு வரி தெருவைத் தாண்டி, சித்தூரைத் தாண்டி, மலையேறிப் பலமனேர் மார்க்கெட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அதுகூடப் பரவாயில்லை என்பேன். வேஷத்தில் பாடியது, அம்மனுடையது. என் தவறு அதற்கு அப்புறம்.

ஜாத்திரை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் கறிச்சோறு. குங்குமமெல்லாம் போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சொந்த முகத்தோடு போயிருந்தேன். மாப்ள எதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு இல்லாத இடத்தில் என்னால் இருக்க முடியாது. அது ஒரு வியாதி.

"இன்னா மாப்ள, கம்முனு துன்னுகினு இருக்கே? வவுத்து வலியா?" என்று கேட்டு, தட்டில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, "வளைவு வந்தா மாப்ள இன்னா பண்ணுவாரு?" என்று பாடினேன்.

பிள்ளைகள் சேர்ந்து பதில் வரியைக் கத்தினார்கள். "தூங்குவாரு!" எல்லோரும் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நான் ஆத்துற பாட்டைப் பாடவில்லை. சாப்பாட்டு நேரத்தில், வெள்ளைச் சட்டையில், அதை யார் பாடுவார்கள்?

அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் நிதானமாக ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது மச்சான். பலமனேர்ல லோடு ஏத்துற பசங்க போன் பண்ணி பாடிக் காட்டுறானுங்க. நேத்து மட்டும் நாலு பேரு."

"பாத்தியா, உன்ன ஃபேமஸ் ஆக்கிட்டேன்," என்றேன்.

பத்து நாள் கழித்து, கடையை அப்போதுதான் திறந்து மெஷினில் ஃபிளெக்ஸ் சுருளை மாட்டிக்கொண்டிருந்தேன். தங்கை வந்தாள். கையில் ஒரு பேன்ட். மாப்ளயுடையது. அதன் கால் மடிப்பைப் பிரித்து என் முன்னால் காட்டினாள். மடிப்புக்குள் தக்காளி விதைகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"துவைக்கப் போட்டேன்ணா. தண்ணி கேன் போடுறவரு பேன்ட்ல இது எப்படி வந்துச்சி?"

"மார்க்கெட் பக்கம் போயிருப்பாரு."

"மலைக்குப் போயிக்கினு இருக்காரு. ஒரு வாரமா. மண்டிக்காரரு பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டேன். நீ சோறு துன்னும்போது பாடினே பாரு, அன்னிக்கு சாயங்காலமே போன் போட்டு வண்டி கேட்டிருக்காரு."

"போனா போவட்டுமே. பயம் தெளிஞ்சிடுச்சின்னு நெனைச்சிக்க."

அவள் பேன்டை மடித்தாள். திரும்பவும் பிரித்தாள். பிறகு சொன்னாள். சொல்லும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மொகிலி இறக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவளுக்குப் போன் செய்திருக்கிறார். குரலே இல்லையாம். ஒரு வளைவு வந்தது தெரியும். அப்புறம் வண்டி வளைவைத் தாண்டி நிற்கிறது. நடுவில் எதுவும் இல்லை. "நான் திருப்பல. வண்டி திரும்பி இருக்குது," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் வீட்டிலும் இரண்டு முறை. கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது. பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். தனக்கு நடந்ததே தெரியாது. வெளியே தெரிந்தால் யாரும் எந்த வண்டியும் தரமாட்டார்கள் என்று மறைத்துவிட்டார்கள். ஊருக்குள் ஆட்டோ மெதுவாகத்தானே ஓடுகிறது என்று சமாதானம் செய்துகொண்டார்கள். மலைக்கு மட்டும் போகக்கூடாது என்று அவள் அவரைக் காணிப்பாக்கம் கூட்டிப்போய்ப் பிள்ளையார் முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

காணிப்பாக்கத்துச் சத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு சேரமாட்டான் என்று பேச்சு.

"நான்தான் உன்கிட்ட சொல்லிட்டேன்னு நெனைச்சிக்கினு இருக்காருண்ணா," என்றாள். "ஜாத்திரை அன்னிலேருந்து என் மொகத்தப் பாத்து பேசல. வளைவுல தூங்குவாருன்னு எப்படிண்ணா எழுதினே? யாரு சொன்னாங்க உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. பண்ணுவாரு என்பதற்குத் தூங்குவாரு சந்தத்தில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அவருக்குப் போன் போட்டியா என்று மட்டும் தங்கையைக் கேட்டேன். காலையில் கிளம்பியவர் எடுக்கவில்லை என்றாள். நானும் அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடையை அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

சித்தூர் வரைக்கும் வெயில். காணிப்பாக்கம் போகிற ரோட்டின் தோரண வாயிலைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கை எழவில்லை. சித்தூரில் வண்டி மாறி பலமனேர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பங்காருபாளையம் தாண்டியதும் மேற்கே வானம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது. மலைமேல் மழை. மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றன.

கணவாய் ஏறும்போது ஒவ்வொரு வளைவையும் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த ரோட்டில் போயிருக்கிறேன், தூங்கிக்கொண்டுதான் போயிருக்கிறேன். நசுங்கிய தடுப்புத் தகரம். கறுப்பாக நீண்டு, திடீரென்று முடிந்துபோகிற டயர்த் தடம். ஒரு புளிய மரத்தடியில் யாருக்கோ நட்ட சின்னக் கல், காய்ந்த மாலையோடு. எதிரே இறங்கி வருகிற ஒவ்வொரு மினி லாரியின் கண்ணாடிக்குள்ளும் அவர் முகத்தைத் தேடினேன்.

அப்போதுதான் அந்த இரண்டு வரி தானாக வாயில் வந்தது. திட்டின வாயி தீஞ்சு போவட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? எனக்கு நல்லது நடக்கட்டும் என்று ஒரு எழுத்து கிடையாது. வாய் தீய்ந்தால் தீயட்டும், அதைப் பற்றி யாருக்குக் கவலை, பட்டவன் நெஞ்சை மட்டும் பார் என்கிறது. யாரோ ஒருவர், என்னைப் போலவே வாய் நீண்ட ஒருவர், எதையோ பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். பாலாக ஆறட்டும் என்றால் இப்போது கொதித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பால் பொங்குவதற்கு முன்னால் சத்தம் போடாது. வீட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பலமனேர் மார்க்கெட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுகளின் சந்து வழியாக ஓடினேன். மாப்ள அவர் வண்டியின் பக்கத்தில் கவிழ்த்த கிரேடு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் லோடு ஏறி முடிந்திருந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"டேய், பாட்டு கட்டினவரு வந்துட்டாருடா!"

அவ்வளவுதான். வண்டி மேலே நின்றவன், கீழே நின்றவன், தராசுக்காரன், எல்லோரும் சேர்ந்து, கிரேடைத் தட்டிக்கொண்டு, மல மேல தக்காளி பழுத்து நிக்குது. ஈரத் தகரக் கூரைக்குள் அது பெரிதாக ஒலித்தது. என் வரிகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஆடின. மாப்ளயும் சிரித்தார். டீ கிளாஸ் அவர் கையில் ஆடாமல் இருந்தது.

கத்தியிருக்கலாம். இவருக்கு உடம்பு சரியில்லை, வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று மண்டி நடுவில் நின்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவரை உரித்தவன் நான், இன்னொரு முறையா என்று வாயடைத்து நின்றேன். இன்றைக்கு யோசித்தால் அது மரியாதையா கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாப்ள, தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா. வா, பஸ்ல போயிடலாம். வண்டிய வேற ஆள் எடுக்கட்டும்."

"யாரு எடுப்பா? நீ ஓட்றியா?"

எனக்கு ஸ்கூட்டரைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. டிரைவரைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டியவனுக்குக் கியர் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாது.

"அப்ப ஏறு," என்றார். "இல்லாங்காட்டி பஸ்ல வா. உன் இஷ்டம்."

ஏறினேன்.

ஊரைத் தாண்டும்வரை வைப்பர் சத்தம் மட்டும். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என் பொண்டாட்டி எப்போ சொன்னா உன்கிட்ட? ஜாத்திரைக்கு முன்னாடியா?"

"இன்னிக்குத்தான் மாப்ள. காலைல. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியாது. பண்ணுவாருன்னு வந்திச்சி. அதுக்குத் தூங்குவாரு ஒத்து வந்திச்சி. அவ்ளோதான்."

ஒரு கல் பாலம் வந்து போனது.

"அவ்ளோதானா?" என்றார்.

இதுவரை என் எழுத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை மாதிரி எதுவும் உள்ளே இறங்கியதில்லை.

"பாவம்," என்றார் கொஞ்ச தூரம் போய். "அவள இத்தினி நாளு மொகம் குடுக்காம வெச்சிருந்தேன்." பிறகு இறக்கம் ஆரம்பிக்கிற போர்டு தெரிந்ததும் கியரை மாற்றிக்கொண்டு, "பாடு மச்சான்," என்றார்.

"இன்னாது?"

"உன் பாட்டுதான். நீ முன்வரி பாடு, நான் பதில் பாடுறேன். பதில் வந்தா நான் இருக்கேன்னு அர்த்தம். வரலன்னா," என்று நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைக் கண்ணால் காட்டினார். "அத மேல இழு. பலமா."

"வேற எதுனா பாடலாம் மாப்ள. சாமி பாட்டு..."

"வேணா. அதான் வேணும். அது கேட்டா எனக்குக் கோவம் வருது. கோவம் வந்தா முழிச்சினு இருக்கேன். ஒரு வாரமா அத பாடிக்கினேதான் தனியா எறங்கிக்கினு இருக்கேன்."

பாடினேன். மல மேல தக்காளி பழுத்து நிக்குது. அவர் உடனே, கடுகடுவென்று, மாப்ள வண்டி தரையிலயே படுத்து நிக்குது. முதல் வளைவு. வளைவு வந்தா மாப்ள இன்னா பண்ணுவாரு? வவுத்து வலின்னு பாய விரிச்சு தூங்குவாரு. இரண்டாவது வளைவு. மழை கண்ணாடியில் சாய்வாக அடித்தது. பின்னால் கிரேடுகள் ஒன்றோடொன்று உரசி முனகின. என் இடது பக்கம் மலைப்பாறை, வலது பக்கம் எதிர்த் தடம், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, வெள்ளையாக மேகம். என் கை ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. வரி பாடுவேன். பதில் வரும்வரை மூச்சு நிற்கும். வந்ததும் விடுவேன். திரும்ப அதே வரி. ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டித் திட்டி உயிரோடு வைத்திருந்தேன்.

பாதி மலைக்கு மேல் இறங்கியாகிவிட்டது. ரோடு இடது பக்கம் மடங்குகிற ஒரு வளைவு.

வளைவு வந்தா மாப்ள இன்னா பண்ணுவாரு?

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கில் ஒழுங்காக இருந்தது. உதடு, பதில் வரியின் முதல் எழுத்துக்காகக் குவிந்தபடி நின்றிருந்தது. ஆள் இல்லை. ரோடு இடப்பக்கம் திரும்பியது, வண்டி நேராகப் போனது, எதிர்த் தடத்தின் மேல், மேலே ஏறி வந்த ஒரு லாரியின் மஞ்சள் விளக்கை நோக்கி.

பிரேக்கை இழுத்தேன். இன்னொரு கையால் ஸ்டியரிங்கை என் பக்கம் வளைத்தேன். நான் ஏதோ கத்தினேன், அது என்ன என்று நினைவில்லை. லாரியின் ஹாரன் முகத்தில் அறைந்தபடி தாண்டிப் போனது. வண்டியின் வால் சறுக்கியது, பின்னால் கயிறு அறுந்தது, பிறகு என் பக்கத்துக் கதவு பாறையோடு தேய்ந்துகொண்டே போய், ஓடைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது.

தக்காளி உருளுகிற சத்தம். நூற்றுக்கணக்கில், மெத்தென்று, ரோட்டில் குதித்துக் குதித்துக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்திலிருந்து, தாளம் தப்பாமல், கடுகடுவென்று, அவர் குரல் வந்தது.

"வவுத்து வலின்னு பாய விரிச்சு தூங்குவாரு."

பாடி முடித்துவிட்டு, என் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். நான் பாடவில்லை என்றதும் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பாறையைப் பார்த்தார். ரோடெல்லாம் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்தார்.

"இங்க எப்படி வந்தோம்?" என்று கேட்டார்.

யாருக்கும் அடிபடவில்லை. என் முழங்கையில் கொஞ்சம் தோல். பாறையோரம் மழையில் உட்கார்ந்தோம். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் இறங்கி, கீழே வருகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய தக்காளி மேல் தண்ணீர் ஓடியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். திட்டின வாயி தீஞ்சு போவட்டும் என்று ஆரம்பித்தேன்.

"மச்சான்," என்றார். "கொஞ்ச நேரம் வாய வெச்சிக்கினு சும்மா இரேன்."

சும்மா இருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என் மடியில் போட்டார்.

"நீயே குடுத்துடு. மண்டிக்காரருகிட்ட இன்னா ஏதுன்னு நீயே சொல்லு. மாத்தாம சொல்லு. பாட்டா சொல்லாதே."

சொன்னேன். சொந்த முகத்தோடு, இருந்ததை இருந்தபடி. பிறகு தங்கையிடமும். அவள் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. புருஷனும் பொண்டாட்டியும் காணிப்பாக்கம் போய்த் தப்புக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் தனியாக ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் போட்டேன். ஆஸ்பத்திரியில் இதுவும் வலிப்பில் ஒரு வகை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை பெரும்பாலும் கேட்கிறது.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிகிறது.

இப்போது மாப்ள எங்கள் கடையில் இருக்கிறார். பின்கட்டில் உட்கார்ந்து ஃபிளெக்ஸ் ஓரத்தில் கயிறு கட்டுவதற்கான வளையம் அடிக்கிறார். அடுத்த ஜாத்திரைக்கு டப்புக்காரர் வந்து, "ஈசாரி எவரு?" என்றபோது என்னைக் கை காட்டினேன். என்னைப் பற்றி மாப்ளயே நாலு வரி கட்டினார், சந்தம் உதைத்தது, தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நான் கும்பிட்டு அவர் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்டேன். ஆத்துற பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடினேன். பட்டவன் நெஞ்சு என்கிற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

பழைய பாட்டையும் விட முடியவில்லை. அவர்தான் விட வேண்டாம் என்றார். முன்பக்கம் நான் கம்ப்யூட்டரில் யாருடைய மரணத்துக்கோ வரி தேடிக்கொண்டிருப்பேன். பின்கட்டில் டக், டக் என்று வளையம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால், கை கீபோர்டில் இருந்தபடியே, தலையைத் திருப்பாமல், குரல் மாறாமல் பார்த்துக்கொண்டு பாடுவேன்.

"வளைவு வந்தா மாப்ள இன்னா பண்ணுவாரு?"

சில நாள் உடனே வரும். சில நாள், "டீ குடிச்சினு இருக்கேன் மச்சான், உயிர வாங்காதே!" என்று வரும். இன்று மத்தியானம் மெஷினும் நின்றிருந்தது, ஃபேனும் நின்றிருந்தது, பின்கட்டில் வளையம் அடிக்கிற சத்தமும் நின்றது. பாடிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்தேன். திரையில் கர்சர் ஒருமுறை மின்னியது. இன்னொரு முறை மின்னியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.